ஆப்பிளுக்குள் ஐந்து அறை: மலை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

எங்கள் அங்கன்வாடியில் 22 குழந்தைகள். ஆளுக்கொரு ஆப்பிள் வாங்கக் கட்டுப்படியாகாது. எத்தனை பழம் இருந்தால் பாடம் நடத்தலாம்? (கோத்தகிரி)

நான்கு போதும். ஐந்தாறு பேராக உட்கார வைத்து, குழுவுக்கு ஒரு பழம் கொடுங்கள். கத்தி உங்கள் கையில் மட்டும் இருக்கட்டும். வெட்டுவதற்கு முன் பழம் எல்லோர் கையிலும் ஒரு சுற்று வரட்டும். காம்பு எங்கே, எந்தப் பக்கம் சப்பை, அடிக்குழியில் கருகிச் சுருண்டு கிடப்பது என்ன? அந்தச் சருகு பூவின் புல்லி இதழ்கள். இந்தப் பழம் ஒருநாள் பூவாக இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

அடுத்து, உள்ளே எத்தனை விதை இருக்கும் என்று கேளுங்கள். ஒவ்வொருவரும் தான் நினைக்கிற எண்ணிக்கைக்குத் தரையில் சாக்பீஸ் கோடு போடட்டும். விடையை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

பழத்தைப் படுக்க வைத்து நடுவயிற்றில் குறுக்காக வெட்டுங்கள். வழக்கம்போலக் காம்பிலிருந்து அடிவரை வெட்டினால் நட்சத்திரம் தெரியாது. பலரும் தவறுவது இங்கேதான். குறுக்கே வெட்டினால் ஐந்து அறை நட்சத்திரம் போலத் தெரியும், அறைக்கு வழக்கமாக இரண்டு விதை. பத்து இருக்க வேண்டிய இடத்தில் ஆறோ ஏழோ இருந்தால் அதைப் பேசாமல் விடாதீர்கள். மகரந்தம் சேராத சூல் விதையாவதில்லை. அந்தப் பக்கம் சதையும் சரியாகப் பருக்காது. சப்பையாக இருந்த பக்கத்து அறையைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் விதை இருக்காது, இருந்தாலும் பதராக இருக்கும். பூவுக்குத் தேனீ போதுமான அளவு வரவில்லை என்பதை நான்கு வயதுக் குழந்தை விரலால் தடவியே தெரிந்துகொள்கிறது.

ஆப்பிள் விதையைத் தொட்டியில் போட்டு ஒன்றரை மாதம் ஆகிறது. முளைக்கவே இல்லை. மகள் தினமும் மண்ணைக் கிளறிப் பார்க்கிறாள். (கொடைக்கானல்)

விதை செத்துவிடவில்லை, தூங்குகிறது. ஈரத்தோடு நீண்ட குளிரைத் தாண்டினால்தான் ஆப்பிள் விதை விழிக்கும். கொடைக்கானலில் இரவு குளிர்ந்தாலும் பகல் வெயிலில் தொட்டி மண் சூடேறிவிடுகிறது. அதனால் தொட்டியை வெளியில் வைத்து நம்ப முடியாது. ஃப்ரிட்ஜ்தான் வழி.

கருத்து, பருத்த விதைகளாக 12 முதல் 15 வரை எடுங்கள். ஒட்டியிருக்கும் சதை போகக் கழுவுங்கள். சதை மிச்சமிருந்தால் பூஞ்சை அங்கிருந்துதான் தொடங்கும். பருத்தித் துணியை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, விதைகளை அதில் மடித்துக் கண்ணாடி பாட்டிலில் போட்டு, மூடியை லேசாகத் திருகி வையுங்கள். கீழ்த்தட்டில் வைக்க வேண்டும், ஃப்ரீசரில் அல்ல. வாரம் ஒருமுறை, அதே கிழமையில், திறந்து பாருங்கள். துணி காய்ந்தால் சில சொட்டு நீர் தெளியுங்கள். பூஞ்சை பிடித்த விதையை எடுத்துவிட்டுத் துணியை மாற்றுங்கள்.

70 முதல் 90 நாளில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். கடையில் வாங்கும் ஆப்பிள் ஏற்கெனவே குளிர்கிடங்கில் மாதக்கணக்கில் இருந்திருந்தால் முன்னதாகவும் வரலாம். வேரை ஒடிக்காமல் 1 செ.மீ. ஆழத்தில் நடுங்கள். எல்லாம் முளைக்காது என்பதால்தான் ஒன்றிரண்டோடு நிறுத்தாமல் இத்தனை விதை.

குழந்தைக்கு மூன்று மாதம் என்பது ஒரு யுகம். அதே நாளில் பக்கத்துத் தொட்டியில் பட்டாணி போடுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் முளைத்துவிடும். கிளறுகிற கை அங்கே கொஞ்சம் ஓயும். தின்ற பழம் போலவே இந்த மரமும் காய்க்கும் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். விதைக்கன்று தாயைப் போல இருக்காது. அதனால்தான் தோட்டக்காரர்கள் ஒட்டுக்கன்று வைக்கிறார்கள்.

ஆப்பிள் அச்சு வைத்தால் நட்சத்திரம் தெரியாமல் ஒரே கறையாக விழுகிறது. (குன்னூர்)

வெட்டிய முகத்தில் சாறு இருக்கிறது. துணியால் ஒற்றி, பத்து நிமிடம் ஆறவிடுங்கள். விதைகளைக் குச்சியால் நெம்பி எடுத்துவிட்டால் குழி தெளிவாக விழும். சாயத்தில் பழத்தை முக்காமல், தட்டில் ஈரப் பஞ்சு வைத்து அதில் கெட்டிச் சாயம் ஊற்றி ஒற்றி எடுங்கள்.

தண்ணீரில் ஆப்பிள் மிதந்தது, பேரிக்காய் கிட்டத்தட்ட மூழ்கியது. ஆப்பிளுக்கு நடுவில் ஓட்டை இருக்கிறது என்று ஒரு பையன் காரணம் சொன்னான். சரியா? (உதகை)

நல்ல ஊகம். அதைச் சோதிக்க வழியும் இருக்கிறது. நடுப்பகுதி கொஞ்சமும் சேராத சதைத்துண்டு ஒன்றை வெட்டித் தண்ணீரில் போடச் சொல்லுங்கள். அதுவும் மிதக்கும். ஆப்பிள் சதை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத காற்றறைகள். பருமனில் ஏறத்தாழ கால் பங்கு காற்றுதான். பேரியின் சதை அதைவிட நெருக்கமானது. அதனால் சில பேரி மிதக்கும், சில மூழ்கும்.

மிச்சத் துண்டுகளை எலுமிச்சைச் சாற்றில் ஒன்று, உப்புத் தண்ணீரில் ஒன்று தோய்த்து, ஒன்றைச் சும்மா விட்டு, எது முதலில் பழுப்பாகிறது என்று பார்க்கலாம். குளிர்ந்த காலையில் நிறம் மாற அதிக நேரம் பிடிக்கும். காலையில் வெட்டி, சத்துணவுக்குப் பிறகு பாருங்கள்.

விதையை விழுங்கிவிட்டால் ஆபத்தா? (குன்னூர்)

ஒன்றிரண்டை முழுதாக விழுங்கினால் ஒன்றும் ஆகாது. மென்று தின்னப் பழக்க வேண்டாம். உடைந்த விதையிலிருந்து சிறிதளவு சயனைடு உருவாகும். உண்மையில் கவனிக்க வேண்டியது வேகவைக்காத ஆப்பிள் துண்டு. நான்கு வயதுக்குக் கீழே கெட்டித் துண்டு தொண்டையில் சிக்கும். துருவியோ, ஆவியில் வேகவைத்தோ கொடுங்கள்.

எங்கள் ஊரில் ஆப்பிள் மரம் இல்லை. பள்ளிக்குப் பின்னால் பேரி மரம் ஒன்று உண்டு. அதை வைத்து என்ன செய்ய முடியும்? (வில்பட்டி)

படத்தில் இருக்கும் ஆப்பிளைவிட அந்தப் பேரி மரம் பல மடங்கு மேல். இரண்டும் ரோஜாக் குடும்பம். பேரியையும் குறுக்கே வெட்டினால் அதே ஐந்து அறை. மலையில் விளையும் பிளம்ஸும் பீச்சஸும்கூட இதே குடும்பம்தான், ஆனால் நடுவில் ஒரே கொட்டை. அவற்றைப் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு தானே புரியும். காஷ்மீர், ஹிமாசல் ஆப்பிள் வகைகள் பெரும்பாலும் 7 டிகிரிக்குக் கீழே ஆயிரம் மணி நேரம் போலக் குளிர் கேட்கும். நம் மலையில் அது கிடைப்பதில்லை. அதனால் இங்கே குறைந்த குளிரில் காய்க்கும் சில வகைகளே தேறுகின்றன.

உங்கள் பேரி மரத்தை மாதம் ஒருமுறை, 15 நிமிடம் போய்ப் பாருங்கள்: அதே மரம், அதே கிளை. கிளையில் துணிப்பட்டையைத் தளர்வாகக் கட்டுங்கள். கம்பி கட்டினால் மரப்பட்டையை அறுத்துவிடும். பனிக்காலத்தில் இலையுதிர்ந்து மொட்டையாக நிற்கும்போது "மரம் செத்துப் போச்சு" என்று ஒரு குழந்தையாவது சொல்லும். மறுக்காமல், கிளை நுனியில் இருக்கும் மொட்டைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பூத்ததும் உதிர்ந்த பூ ஒன்றை எடுத்து இதழ்களை எண்ணட்டும்: ஐந்து. துணி கட்டிய கிளையில் எத்தனை பூ, பிறகு எத்தனை பிஞ்சு என்று சுவரில் கோடு போட்டு வாருங்கள். கோடுகள் வெகுவாகக் குறையும். உதிர்வது மரத்தின் இயல்பு, நோய் அல்ல.

ஆடியில் பழம் விழத் தொடங்கினால் முதலில் பெரியவர் ஒருவர் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வரட்டும். காட்டெருமையும் காட்டுப்பன்றியும் நடமாடும் இடம். காலை பத்து மணிக்கு மேல் அழைத்துச் செல்லுங்கள், அந்தி வேளை வேண்டவே வேண்டாம். தோலையும் அழுகிய பழத்தையும் பள்ளி வாசலில் கொட்டாமல், குழி தோண்டி ஒரு முழத்துக்குமேல் மண் மூடிவிடுங்கள்.