என்.ஏ.எல். யார் பிடியில் இருக்கிறது?

கேள்வி: பெங்களூரு முருகேஷ்பாளையாவில் விண்ட் டனல் ரோடு பக்கம் குடியிருக்கிறோம். என்.ஏ.எல். என்பது இஸ்ரோவின் கிளையா, ராணுவத்தைச் சேர்ந்ததா? அங்கே இயக்குநர் வைத்ததுதான் சட்டமா?

பதில்: இஸ்ரோவும் இல்லை, ராணுவமும் இல்லை. என்.ஏ.எல். என்பது விமான, விண்வெளி ஆராய்ச்சி செய்யும் தேசிய ஆய்வகம் (National Aerospace Laboratories). 1959-ல் டெல்லியில் தொடங்கி மறு ஆண்டே பெங்களூருக்கு வந்த இந்த ஆய்வகம், சி.எஸ்.ஐ.ஆர். எனும் அறிவியல், தொழில் ஆராய்ச்சி மன்றத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. சி.எஸ்.ஐ.ஆர். அரசுத் துறை அல்ல, சங்கப் பதிவுச் சட்டத்தின்படி பதிவான ஒரு சங்கம். பிரதமர் அதன் தலைவர், அறிவியல் தொழில்நுட்ப அமைச்சர் துணைத் தலைவர். அன்றாடப் பொறுப்பு தலைமை இயக்குநருடையது. அவரேதான் சி.எஸ்.ஐ.ஆருக்கு நிதி வழங்கும் அரசுத் துறைக்கும் செயலாளர்.

ஆய்வகத்துக்குள் இரண்டு குழுக்கள். எந்த ஆராய்ச்சியை எடுக்கலாம், எதைக் கைவிடலாம் என்று ஆராய்ச்சிக் குழு ஆலோசனை சொல்லும். அதன் தலைவரும் பெரும்பாலான உறுப்பினர்களும் வெளியாட்கள். நிர்வாகக் குழுவுக்கு இயக்குநரே தலைவர். வெவ்வேறு வயது விஞ்ஞானிகள், தொழில்நுட்ப ஊழியர், நிதி அதிகாரி எல்லாரும் அதில் உண்டு. இயக்குநரின் பதவிக்காலம் ஆறு ஆண்டு அல்லது ஓய்வு வயது, எது முந்துகிறதோ அது. புதிதாக ஒரு நிரந்தரப் பணியிடத்தை அவராக உருவாக்கிவிட முடியாது.

உங்கள் தெருப் பெயருக்குக் காரணமான 1.2 மீட்டர் காற்றுச் சுரங்கம் (விண்ட் டனல்), அதாவது விமான, ராக்கெட் மாதிரிகள் மேல் வேகமாகக் காற்றைப் பாய்ச்சிச் சோதிக்கும் கருவி, 1967 முதல் ஓடுகிறது. இஸ்ரோ ராக்கெட், தேஜஸ் போர் விமானம் என்று பல மாதிரிகள் சோதனைக்கு வந்தது இங்கேதான். அழுத்திச் சேமித்த காற்றை ஒரேயடியாகத் திறந்துவிடும் வகை இது. அதனால் ஒரு ஓட்டம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அடுத்த ஓட்டத்துக்குக் கம்ப்ரஸர்கள் தொட்டியை மறுபடி நிரப்ப வேண்டும். வெளி நிறுவனங்கள் இங்கே வரிசையில் நிற்பதற்கு நிர்வாகத்தைவிட இந்தக் காற்றுக் கணக்கே பெரிய காரணம்.

கேள்வி: பீன்யாவில் சிறிய சி.என்.சி. (கணினி இயக்கும் கடைசல் இயந்திர) பட்டறை வைத்திருக்கிறேன். இப்படிப்பட்ட ஆய்வகங்களுக்குப் பாகம் செய்து கொடுக்க என்ன வழி?

பதில்: முதலில் உத்யம் பதிவு (குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு), பிறகு அரசு அலுவலகங்கள் பொருள் வாங்கும் ஜெம் இணையதளத்தில் விற்பனையாளர் கணக்கு. ஜி.எஸ்.டி., பான், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கட்டும். இனிஷியல் முன்னே பின்னே இருந்தாலும் பணம் நின்றுபோகலாம். குறு, சிறு உற்பத்தியாளர் டெண்டரோடு முன்வைப்புத் தொகை (இ.எம்.டி.) கட்ட வேண்டியதில்லை. வாங்கி விற்பவருக்கு இந்தச் சலுகை பொருந்தாது.

தொழில்நுட்ப விவரமும் விலையும் தனித்தனியாகத் தரும் இரண்டு கவர் டெண்டரில் பலர் சறுக்குவது ஓரிடத்தில்தான்: தொழில்நுட்பக் கவரில் விலையைக் காட்டிவிடுவார்கள். அத்தோடு டெண்டர் தள்ளுபடி. உலோகத்தின் மில் சான்றிதழையும் (தயாரித்த ஆலை தரும் தரச் சான்று) அளவுச் சோதனை அறிக்கையையும் சரக்கோடு சேர்த்து அனுப்புங்கள். அவை இல்லாவிட்டால் பொருள் ஸ்டோர்ஸிலேயே கிடக்கும், பில் நகராது.

கேள்வி: மகன் மெக்கானிக்கல் டிப்ளமோ. என்.ஏ.எல். போன்ற ஆய்வகத்தில் புராஜெக்ட் வேலையில் சேர்ந்தால் நிரந்தரமாகுமா?

பதில்: ஆகாது. திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. நிரந்தரத்துக்கு டெக்னிக்கல் அசிஸ்டென்ட் அறிவிப்பு வரும்போது தனியாக விண்ணப்பிக்க வேண்டும். வழக்கமாகக் கேட்பது 60 சதவீத மதிப்பெண், இரண்டு ஆண்டு அனுபவம், 28 வயதுக்குள். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு வயதுத் தளர்வு உண்டு. புராஜெக்டில் வேலை பார்த்ததற்கான சான்றிதழை மட்டும் வாங்கி வைக்கச் சொல்லுங்கள், அந்த அனுபவக் கணக்குக்கு உதவும்.