மன்னிக்காத சான்: ‘பிரின்சஸ் மோனோநோகே’ கேள்வி பதில்

இந்தப் படத்தைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளில் முக்கால்வாசி பழியையும் மன்னிப்பையும் சுற்றியே இருந்தன. அதனால் அவற்றுக்கு நீளமாகவும் மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் எழுதியிருக்கிறேன். முடிவு வரை பேசுகிறேன். படம் பார்க்காதவர்கள் முதல் பதிலை மட்டும் படித்துவிட்டு, பார்த்த பிறகு திரும்பி வாருங்கள்.

அக்கா, நான் இன்னும் படம் பார்க்கல. சிலர் பழிவாங்குற கதைங்கறாங்க, சிலர் மன்னிப்புக் கதைங்கறாங்க. எது சரி?

ஹயாவோ மியாசாகி இயக்கி, ஸ்டுடியோ ஜிப்லி தயாரித்து, 1997 ஜூலையில் ஜப்பானில் வெளியான அனிமேஷன் படம். இரண்டே கால் மணி நேரம் ஓடும். கதை நடப்பது முரோமாச்சி காலத்தில். வடகிழக்கில் ஒதுங்கி வாழும் எமிஷி மக்களின் ஊருக்குள் ஒரு ராட்சதக் காட்டுப்பன்றி வெறிபிடித்துப் பாய்கிறது. அதன் உடம்பெல்லாம் கறுத்த புழுக்கள் நெளிகின்றன. ஊரைக் காப்பாற்ற அம்பு விடுகிறான் இளவரசன் அஷிதாகா. பன்றி விழுகிறது, ஆனால் விழுவதற்குள் அந்தப் புழுக்கள் அவன் வலது கையைச் சுற்றிவிடுகின்றன. கையில் விழுந்த தழும்பு மெல்ல மெல்ல எலும்பு வரை பரவி அவனைக் கொன்றுவிடும். செத்த பன்றியின் உடலுக்குள் ஓர் இரும்பு உருண்டை கிடைக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று பார்க்க மேற்கே கிளம்புகிறான்.

அங்கே இரும்பு உருக்கும் ஊர் ஒன்று. அதன் தலைவி எபோஷி. அவளைக் கொல்லத் துடிக்கும் சான், ஓநாய்த் தெய்வம் மோரோ வளர்த்த பெண். பழி தீர்க்க இந்தக் கதையில் எல்லோருக்கும் காரணம் இருக்கிறது. அஷிதாகாவுக்கு இருப்பது சாவுக்கு நாள் குறித்த காரணம். அவன் மட்டும் பழி தீர்க்கவில்லை. எந்தக் கதை என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

மோனோநோகேங்கறது சானோட இன்னொரு பேரா?

பேர் இல்லை. ஆளைப் பிடித்து ஆட்டி, நோயில் தள்ளும் வஞ்சம் கொண்ட ஆவிக்குப் பழைய ஜப்பானிய மொழியில் மோனோநோகே என்று பேர். படத்தின் ஜப்பானியத் தலைப்பில் அதோடு வரும் ‘ஹிமே’ என்றால் இளவரசி. சேர்த்துச் சொன்னால் ‘பேய் இளவரசி’. சானுக்கு இரும்பு ஊர்க்காரர்கள் வைத்த பட்டம் அது. அவளைப் பெற்றெடுத்த மனித இனம் அவளைக் கூப்பிடும் விதமே அதுதான்.

தொடக்கத்துல ஊர்க் கிழவி அந்தப் பன்றி முன்னாடி மண்டியிட்டுக் கும்பிடுறாங்க. ஊரை அழிக்க வந்ததுக்கு எதுக்கு மரியாதை?

இதைக் கேட்டதற்கு நன்றி. பலரும் கவனிக்காமல் தாண்டிப்போகிற இடம் இது.

ஜப்பானில் ‘கோர்யோ’ என்று ஒரு பழைய நம்பிக்கை. அநியாயமாகச் செத்தவர்களின் ஆவி ஊருக்குக் கேடு செய்யும், அதைக் கோபம் தணித்துக் கும்பிட்டால் அதுவே காவலாக மாறும் என்பது அதன் சாரம். சுகவாரா நோ மிச்சிசானே என்ற அறிஞர் பொய்க் குற்றச்சாட்டில் தலைநகரை விட்டுத் தொலைதூரத்துக்கு விரட்டப்பட்டு 903இல் இறந்தார். அதன்பிறகு தலைநகரில் அடுத்தடுத்துச் சாவுகள் விழுந்தன. 930இல் அரண்மனையில் இடி விழுந்தது. எல்லாம் அவருடைய சினம் என்று பயந்தவர்கள் கியோத்தோவில் கித்தானோ கோயிலில் அவரைத் தெய்வமாக வைத்தார்கள். இன்று அவர் கல்விக் கடவுள். பரீட்சைக்கு முன் மாணவர்கள் போய்க் கும்பிடுவது அவரைத்தான்.

படத்தில் அந்தக் கிழவி செய்வதும் இதைத்தான். மேடு எழுப்பி உன்னை வழிபடுகிறோம், எங்கள் மேல் வஞ்சம் வைக்காதே என்று வேண்டுகிறாள். ஆனால் நாகோ என்ற அந்தப் பன்றி இறங்கிவரவில்லை. கேடுகெட்ட மனிதர்களே, என் வேதனையையும் வெறுப்பையும் நீங்களும் அறிவீர்கள் என்று சொல்லிவிட்டுச் சாகிறது. கண்ணெதிரிலேயே தோலும் சதையும் உருகி எலும்பு மட்டும் மிஞ்சுகிறது. பன்றியைத் துப்பாக்கியால் சுட்டவர்கள் எங்கோ இருக்க, மண்டியிட்டு வேண்டியவர்கள் வேறு யாரோ. அப்படிக் கேட்கும் மன்னிப்பு கிடைத்தே தீர வேண்டும் என்று இந்தப் படம் எங்கும் சொல்வதில்லை. முதல் பத்து நிமிடத்திலேயே அதைக் காட்டிவிடுகிறார் மியாசாகி.

அஷிதாகாவுக்குக் கோபமே வராதா? ரொம்ப நல்லவனா இருக்கான், நம்ப முடியல.

வருகிறது. அவன் முகத்தைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள்.

எபோஷியின் தோட்டத்துக் கொட்டகைக் காட்சிக்குத் திரும்பப் போங்கள். உடம்பெல்லாம் கட்டுப் போட்ட தொழுநோயாளிகள் அங்கே உட்கார்ந்து புதிய துப்பாக்கி செய்துகொண்டிருக்கிறார்கள். பெண்களும் தூக்கிச் சுடுமளவுக்கு எடை குறைவாக வேண்டும் என்று அவர்களிடம் எபோஷி கேட்டிருக்கிறாள். நாகோவைச் சுட்டது நான்தான், முட்டாள் பன்றி, சபிப்பதென்றால் என்னையே சபித்திருக்கலாமே என்று ஒளிக்காமல் சொல்கிறாள். அந்த நொடியில் அஷிதாகாவின் வலது கை தானாகவே வாளுக்குப் போகிறது. இடது கையால் அதை இறுக்கிப் பிடித்து அமுக்குகிறான். ஓர் உடம்புக்குள்ளேயே இரண்டு கைகளும் மல்லுக்கட்டுகின்றன. நான் மூன்றாவது தடவை பார்த்தபோதுதான் அந்த இடது கையின் விரல்கள் எவ்வளவு அழுத்தமாக வரையப்பட்டிருக்கின்றன என்று கவனித்தேன். அங்கேயே நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

உன் வலது கைக்கு என்னைக் கொல்ல ஆசையா என்று எபோஷி கேட்கிறாள். உன்னைக் கொன்று சாபம் தீருமென்றால் கொன்றிருப்பேன், ஆனால் இந்தக் கை அதோடு நிற்காது என்கிறான். அவன் சொல்வதில் நல்லவன் பேச்சே கிடையாது. கொல்லும் ஆசை இருப்பதை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறான். அந்த ஆசைக்கு எல்லை இல்லை என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

அதே காட்சியில், படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒரு முதியவர் பேசுகிறார். எங்களை மனிதராக நடத்தியது இந்த அம்மா ஒருத்தர்தான், அழுகிய எங்கள் உடம்பைக் கழுவிக் கட்டுப் போட்டவர் என்று சொல்லி அவளுக்காக மன்றாடுகிறார். உலகத்தையும் மனிதரையும் சபித்துக்கொண்டே, ஆனாலும் உயிரோடு இருக்கத்தான் ஆசைப்படுகிறேன் என்கிறார். சபிக்கப்பட்டவனிடம் இன்னொரு சபிக்கப்பட்டவர் பேசும் பேச்சு. அதன்பிறகு அந்தக் காட்சியில் அஷிதாகா வாளைத் தொடவில்லை.

அப்ப எபோஷி வில்லியா, இல்லையா? அக்கா, நேராச் சொல்லுங்க.

வில்லி இல்லை. செய்தது பெரும் தவறு, இருந்தாலும் வில்லி இல்லை.

விலைக்குப் போன பெண்களை மீட்டு வந்து வேலை கொடுத்திருக்கிறாள். உலையின் துருத்தியை நாலு நாள், ஐந்து ராத்திரி விடாமல் மிதிப்பது அந்தப் பெண்கள்தான். ஜப்பானின் பழைய இரும்பு உலைகளைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இந்த இடம் சுருக்கென்று தைக்கும். இரும்புத் தொழிலின் தெய்வமான கானாயாகோவுக்குப் பெண்கள் ஆகாது என்று சொல்லி, உலை இருக்கும் இடத்துக்குள் பெண்களை விடாமல் வைத்திருந்தார்கள். மியாசாகி அந்த வழக்கத்தையே தலைகீழாக்கிவிட்டார்.

தொழுநோயாளிகளும் அப்படித்தான். இவர்களை ஒதுக்கி அடைத்துவைத்த சட்டத்தை ஜப்பான் 1996இல்தான் ரத்து செய்தது, படம் வருவதற்கு ஒரு வருடத்துக்குச் சற்று முன்பு. மியாசாகி வீட்டுக்குப் பக்கத்திலேயே, தோக்கியோ எல்லைக்குள், சென்ஷோயென் என்ற தொழுநோயாளர் இல்லம் உண்டு. இந்தப் படத்தை யோசித்துக்கொண்டிருந்த நாட்களில் அங்கே போய்வந்ததைப் பின்னால் அவரே பேசியிருக்கிறார்.

ஆனால் இவ்வளவும் செய்தவள் காட்டை எரித்துத்தான் ஊரை நிமிர்த்தினாள். யாரையெல்லாம் மனிதர் என்று எண்ணினாளோ அவர்களிடம் அவ்வளவு கருணை. அந்தக் கணக்கில் வராதவர்கள் மேல் குண்டு.

சான் மட்டும் என்ன? அவளோட ஓநாய்க் கூட்டமும் ஆட்களைக் கொன்னுருக்கே.

கொன்றிருக்கிறது. சான் ஒற்றை ஆளாக ஊருக்குள் பாயும் ராத்திரி, எபோஷி அவளைப் பார்த்துக் கத்துவதைக் கேளுங்கள். உங்கள் கூட்டத்திடம் புருஷனைப் பறிகொடுத்தவர்கள் இதோ நிற்கிறார்கள் என்கிறாள். துப்பாக்கியோடு இரண்டு பெண்கள் முன்னால் வருகிறார்கள். அவர்கள் முகத்தில் வெறி இல்லை, பயமும் துக்கமும்தான் தெரிகின்றன. பிறகு அஷிதாகா நடுவில் புகுந்து எபோஷியையும் சானையும் மயக்கமாக்கிச் சானைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறான். அப்போது அவன் மேல் குண்டு பாய்வதும் அப்படி ஒரு விதவையின் கையில் இருந்த துப்பாக்கியில் இருந்துதான். அவன் திரும்பிப் பார்த்து அவளை ஒன்றும் செய்யாமல் நடந்தே போகிறான். தரையெல்லாம் ரத்தம். பத்துப் பேர் சேர்ந்து தள்ளும் கதவை ஒற்றைக் கையால் தள்ளுகிறான்.

பாதிக்கப்பட்டவங்களைப் பாத்துத்தான் எப்பவும் ‘மன்னிச்சிடு’ன்னு சொல்றாங்க. இந்தப் படமும் கடைசியில அதைத்தானே சொல்லுது? எனக்கு அதுல உடன்பாடு இல்ல.

எனக்கும் உடன்பாடு இல்லை தங்கச்சி. படமும் அதைச் சொல்லவில்லை. இவ்வளவு நீளமாக நான் எழுத உட்கார்ந்ததே உங்கள் கேள்விக்காகத்தான்.

சான் யார்? காட்டைச் சீரழித்த மனிதர்கள், தங்கள் உயிர் தப்ப மோரோவின் காலடியில் வீசிவிட்டுப் போன குழந்தை. மனிதராகவும் முடியாமல் ஓநாயாகவும் முடியாமல் வளர்ந்தவள். உன்னால் அவளைக் காப்பாற்ற முடியுமா என்று மோரோ கேட்கிறாள். தெரியாது, ஆனால் சேர்ந்து வாழ முடியும் என்கிறான் அஷிதாகா. எப்படி, அவளோடு சேர்ந்து மனிதர்களை எதிர்த்துச் சண்டையிட்டா என்று கேட்டுச் சிரிக்கிறாள் மோரோ. இல்லை, அது வெறுப்பைப் பெருக்கத்தான் செய்யும் என்கிறான். அவன் பேச்சு முழுக்க வெறுப்பை வளர்க்காமல் இருப்பதைப் பற்றியது. மன்னிப்பு என்ற சொல்லை அவன் சானிடம் ஒரு தடவைகூட வைக்கவில்லை.

கடைசிக் காட்சியில் சான்தான் அந்தச் சொல்லை எடுக்கிறாள். உன்னை எனக்குப் பிடிக்கும், ஆனால் மனிதர்களை மன்னிக்க என்னால் முடியாது என்கிறாள். காடு மறுபடி பச்சை பிடித்த பிறகு சொல்கிறாள், சண்டை முடிந்த பிறகு சொல்கிறாள். வேறு எந்தப் படமாக இருந்தாலும் அந்த இடத்தில் அவளை அழவைத்து, மன்னிக்கவைத்து, ஊருக்குள் கூட்டிவந்திருப்பார்கள். அஷிதாகா, அப்படியே இருக்கட்டும் என்று ஏற்றுக்கொள்கிறான். நீ காட்டில் இரு, நான் இரும்பு ஊரில் இருக்கிறேன், சேர்ந்து வாழ்வோம் என்கிறான்.

பழி வாங்குவதை நிறுத்து என்று படம் எல்லோரிடமும் கேட்கிறது. மன்னித்துத்தான் ஆகவேண்டும் என்று யாரிடமும் கேட்கவில்லை. இரண்டும் வேறு வேறு என்று இவ்வளவு தெளிவாகக் காட்டிய இன்னொரு படத்தை நான் பார்த்ததில்லை.

எபோஷி ஒரு கையை இழந்தாளே, அது பழிதானே? அப்ப பழி ஜெயிச்சிடுச்சே?

அது மோரோவின் பழிதான். தலை துண்டான பிறகும் அந்தத் தலை பாய்ந்து எபோஷியின் கையைக் கடித்துப் பறிக்கிறது. ஆனால் அடுத்து நடப்பதையும் பாருங்கள். அந்தக் காயத்துக்குக் கட்டுப் போடுவது அஷிதாகா. இடிந்துபோன ஊரில் உட்கார்ந்து எபோஷி சொல்வது என்ன? ஓநாயின் முதுகில் சுமக்கப்பட்டு உயிர் பிழைத்துவிட்டேன் என்கிறாள். அவளைக் கொல்லக் காத்திருந்த குடும்பமே அவளைச் சுமந்திருக்கிறது. முதலிலிருந்து தொடங்குவோம், இதை ஒரு நல்ல ஊராக்குவோம் என்று அதன்பிறகுதான் சொல்கிறாள்.

அஷிதாகாவோட சாபம் போயிடுச்சா?

உயிரைக் குடிக்கும் சாபம் போய்விட்டது. உள்ளங்கையில் வெளிறிய தழும்பு மட்டும் இருக்கிறது. அழிக்காமல் விட்டது சரி என்பதே என் கட்சி.

ஏழு வயசுப் பேரனுக்குக் காட்டலாமா, மகளே? கார்ட்டூன்தானே?

வேண்டாம் ஐயா. அம்பு பட்டுக் கையும் தலையும் துண்டாகிப் பறக்கும். புழு நெளியும் அந்த முதல் காட்சியே குழந்தையின் தூக்கத்தைக் கெடுக்கும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதாகட்டும், அப்போதும் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

ஆங்கிலத்துல பார்க்கலாமா, ஜப்பானிய மொழியிலயா?

ஆங்கிலப் பதிப்பு 1999இல் வந்தது, வசனம் நீல் கெய்மன். நன்றாகவே செய்திருக்கிறார்கள். ஆனாலும் ஜப்பானிய மொழியில் பாருங்கள், காரணம் மோரோ. அந்தத் தாய் ஓநாய்க்கு அகிஹிரோ மிவா என்ற ஆண் கலைஞர் குரல் கொடுத்திருக்கிறார். உறுமலும் தாய்மையும் ஒரே தொண்டையில் வரும்.

காயா அன்பாக் கொடுத்த கத்தியைச் சானுக்குத் தூக்கிக் கொடுத்துட்டானே, அது நியாயமா அக்கா?

எனக்கும் இது உறுத்துகிறது. காயா அஷிதாகாவின் சொந்த ஊர்ப் பெண். ஊரை விட்டுப் போகிறவனை வழியனுப்பக் கூடாது என்ற கட்டுப்பாட்டை மீறி ஓடிவந்து கொடுத்த கத்தி அது. காயா அவனை ‘அனிசமா’ என்கிறாள். சொல்லுக்கு நேர்ப்பொருள் ‘அண்ணா’ என்றாலும் அவள் கூடப்பிறந்தவள் இல்லை, மனசைக் கொடுத்தவள். அவன் முடியை அறுத்துவிட்டுக் கிளம்பியபோதே அந்த ஊருக்குச் செத்தவன் ஆகிவிட்டான், திரும்பிப் போகவே முடியாது. இந்த நியாயத்தையெல்லாம் சொல்லிப் பார்க்கலாம். ஆனாலும் காயா அழுகையை அடக்கிக்கொண்டு நின்ற முகம் நினைவுக்கு வந்தால், இதில் அவன் பக்கம் பேச என்னால் முடியவில்லை.

கடைசிக் கேள்வி. சானும் அவனும் மறுபடி பாத்துக்குவாங்களா?

பார்த்துக்கொள்வார்கள். என் மான் யக்குல் மேல் ஏறி உன்னைப் பார்க்க வருவேன் என்று அவனே சொல்லித்தானே அனுப்புகிறான். அவள் தலையசைத்துவிட்டுக் காட்டுக்குள் போகிறாள்.