கேலிச்சித்திரங்களால் அரசியலில் உண்மையான தாக்கம் ஏற்பட்டதுண்டா?

ஏற்பட்டதுண்டு, அதற்கு அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் தாமஸ் நாஸ்டின் கதையே போதுமான சான்று. ஜெர்மனியில் 1840-இல் பிறந்து, சிறுவயதிலேயே நியூயார்க்கில் குடியேறிய இவர், 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' வார இதழில் வரைந்தார். அந்நகரத்தின் நிர்வாகத்தைத் தன் கைப்பிடியில் வைத்துக்கொண்டு பொதுப்பணத்தைச் சூறையாடிய அரசியல்வாதி வில்லியம் ட்வீடை, பிணந்தின்னிக் கழுகாகவும், தலைக்குப் பதில் பணமூட்டையைச் சுமக்கும் தடித்த உருவமாகவும் 1871-இல் அவர் வாராவாரம் தீட்டினார். செய்தித்தாள்களின் கணக்குவழக்குச் செய்திகளைப் படிக்க இயலாத வாக்காளர்களுக்கும், அப்போதுதான் வந்திறங்கி ஆங்கிலம் அறியாதிருந்தவர்களுக்கும் அந்தப் படங்கள் எந்த விளக்கமும் இன்றிப் புரிந்தன என்பதே அவற்றின் வலிமை. ஊழல் கணக்குகளை அம்பலப்படுத்தியது 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழ்தான்; ஆகவே முழுப் பெருமையையும் நாஸ்டுக்கே கொடுப்பது நியாயமன்று.

தண்டனை பெற்ற ட்வீட் 1875-இல் காவலிலிருந்து தப்பியோடி, மறு ஆண்டு ஸ்பெயினில் பிடிபட்டபோது, அவரை அடையாளம் காண உதவியது நாஸ்டின் படம் ஒன்றுதான். குற்றவாளியின் புகைப்படத்துக்குப் பதிலாக அவரைக் கிண்டல் செய்த படமே பயன்பட்டது என்பது, எந்தக் கேலிச்சித்திரக்காரரும் கற்பனை செய்திராத வேடிக்கை.

குடியரசுக் கட்சியின் சின்னமாக யானை நிலைபெற்றதும், தொப்பையும் வெண்தாடியுமாக இன்று நாம் காணும் கிறிஸ்துமஸ் தாத்தாவின் உருவம் பரவியதும் பெரும்பாலும் இவருடைய தூரிகையால்தான்.