ஏழு பொம்மைகளும் ஒரு தவிலும்

கேள்வி: எனக்கு வயது 38. சிப்காட்டில் ஷிப்ட் வேலை. இரவு வீடு திரும்பியதும், மகளின் கணினியில் இன்கிரெடிபாக்ஸ் என்ற இசை விளையாட்டைத் திறந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிடுகிறேன். வரிசையாக நிற்கும் ஏழு பொம்மை மனிதர்களுக்குச் சின்னங்களை இழுத்து மாட்டினால் ஆளுக்கொரு ஒலி எழுப்புவார்கள். எல்லாம் சேர்ந்து பாட்டாகிவிடும். சிறுவயதில் தவில் கற்க ஆசைப்பட்டேன், வீட்டில் விடவில்லை. "இது பிள்ளை விளையாட்டு" என்கிறார் மனைவி. நான் செய்வது இசையா, வெறும் பொழுதுபோக்கா?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்.

பதில்: அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தை நான் இரண்டாம் முறை படித்ததற்குக் காரணம் அந்தத் தவில்தான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் செய்வது இசைதான். ஆனால் பாதி இசை.

2009 இல் பிரான்ஸைச் சேர்ந்த ஒரு சிறு குழு உருவாக்கிய விளையாட்டு இது. வாயாலேயே தாளம் போடும் பீட்பாக்ஸ் கலைதான் அதன் அடிப்படை. தாளம், சிறப்பொலி, மெட்டு, குரல் என்று நான்கு வகை ஒலிகள். 2018 இல் வந்த ஏழாவது பதிப்புக்கு 'ஜீவன்' என்றே பெயர். நம் நாட்டு இசையின் சாயலில் செய்தது. எந்த ஒலியை எதனோடு சேர்த்தாலும் அது ஏன் அபஸ்வரமாகக் கேட்பதில்லை என்று யோசித்திருக்கிறீர்களா? எல்லா ஒலிகளையும் ஒரே வேகத்தில், ஒரே சுருதிக்கு இசைந்து, ஒன்றோடொன்று பொருந்தும் அளவில் முன்கூட்டியே பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். தப்பு செய்ய வழியே இல்லாமல் அடைத்திருக்கிறார்கள். உங்கள் கைக்கு வராத பாதி அதுதான்.

கைக்கு வந்திருக்கும் பாதியைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். எந்த ஒலி முதலில் வர வேண்டும், எது காத்திருக்க வேண்டும், எதை எடுத்துவிட்டால் மற்றவை துலங்கும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது உங்கள் காது. ஒரு நாகஸ்வர மேளத்தை நினைத்துப் பாருங்கள். ஒத்து என்னும் துணைக்குழல் இடைவிடாமல் சுருதியைப் பிடித்திருக்கும், தாளம் கணக்கைச் சொல்லிக்கொண்டிருக்கும், தவில் அதன்மேல் நடக்கும், நாகஸ்வரம் எல்லாவற்றுக்கும் மேலே பறக்கும். அந்த அடுக்கை உங்கள் பொம்மைகளும் கற்றுத்தருகின்றன. மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வரும் சுவாமிகளின் பின்னால் நடந்து, ஒரு மேளத்தில் தவிலை மட்டும் தனியே பிரித்துக் கேட்டுப் பாருங்கள். முன்பு கேட்டதைவிட இப்போது தெளிவாகக் கேட்கும் என்று எனக்கு உறுதியான நம்பிக்கை இருக்கிறது.

இனி அந்த ஒரு மணி நேரத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். மற்ற பொம்மைகளை அடக்கிவிட்டு ஒன்றை மட்டும் ஒலிக்கவிடும் வசதி அதிலேயே இருக்கிறது. தாளம் தரும் பொம்மையை மட்டும் விட்டு, தொடையில் ஆதி தாளம் போடுங்கள்: ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. எட்டு அட்சரம். பிறகு அந்தப் பொம்மையையும் நிறுத்திவிட்டு, கையை நிறுத்தாமல் பத்துச் சுற்று போட்டு, மறுபடி ஒலிக்கவிடுங்கள். உங்கள் வேகம் முன்னே ஓடியிருக்கும், அல்லது பின்தங்கியிருக்கும். அந்த வித்தியாசத்தைக் காணும்போது சந்தோஷப்படுங்கள். விளையாட்டு உங்களுக்குத் தராத தப்பு அது. கற்பது அங்கேதான் தொடங்குகிறது.

இந்த விளையாட்டின் பெயரைச் சொல்லி விளம்பரங்கள் நிறைந்த போலித் தளங்கள் பல இருக்கின்றன. மகளும் புழங்கும் கணினி, எதையும் தரவிறக்காதீர்கள். இயர்போனில் ஒலியைக் குறைத்து வையுங்கள்.

தவிலுக்கு வருகிறேன். முப்பத்தெட்டு வயதில் விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு கச்சேரிக்குத் தயாராக முடியுமா என்று கேட்டால், கடினம் என்றுதான் சொல்வேன். அது பல ஆண்டுச் சாதகம் கேட்கும் வாத்தியம். ஆனால் நீங்கள் கச்சேரி கேட்கவில்லையே, கற்கத்தானே ஆசைப்பட்டீர்கள்? கோயிலில் வாசிக்கும் தவில் வித்வான் ஒருவரை நேரில் பார்த்து, "சொற்கட்டு மட்டுமாவது சொல்லித்தாருங்கள்" என்று கேளுங்கள். முதல் பாடம் வாயால்தான்: த, தி, தொம், நம். வாயால் தாளம் சொல்ல உங்கள் பொம்மைகள் ஏற்கெனவே பழக்கியிருக்கின்றன. ஷிப்ட் நேரத்தையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாரம் ஒரு காலை கிடைத்தால் போதும். அன்று விடவில்லை என்ற ஏக்கத்தை இருபது, முப்பது ஆண்டுகள் சுமந்திருக்கிறீர்கள். இப்போது தடுக்க யாரும் இல்லை, சகோதரரே.

உங்கள் மனைவியிடம் வாதம் செய்யாதீர்கள். இன்றிரவு இயர்போனைக் கழற்றிவிட்டு அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஏழு பொம்மைகளில் மூன்றை அவர் கையில் கொடுங்கள். எதை எப்போது சேர்ப்பது என்று அவரே சொல்லட்டும்.