நாய்க்கு வலிப்பு வந்தால்

கேள்வி: எங்கள் ‘சிங்கப்பூர் ஸ்பெஷல்’ (உள்ளூர்க் கலப்பின) நாய்க்கு மூன்று வயது. போன வாரம் விடியற்காலையில் தூங்கிக்கொண்டிருந்தது திடீரென்று விறைத்து, கால்களை உதைத்துக்கொண்டு நுரை தள்ளியது. மாமியார் ஓடிவந்து சாவிக்கொத்தை வைத்தார். கணவர் கரண்டியால் வாயைத் திறக்கப் பார்த்தார். இரண்டு நிமிடத்தில் நின்றது. பிறகு சுவரில் முட்டிக்கொண்டு திரிந்தது. இப்போது நன்றாக இருக்கிறது. மருத்துவரிடம் போக வேண்டுமா? - ஈசூன் வாசகி

பதில்: போகத்தான் வேண்டும், ஒரே தடவைதான் வந்தது என்றாலும்.

சாவிக்கொத்தால் பலனும் இல்லை, கெடுதலும் இல்லை. கரண்டிதான் என் கவலை. நாய் நாக்கை விழுங்கிவிடாது. ஆனால் தாடை இறுகும் நேரத்தில் வாயருகே விரல் போனால், எவ்வளவு சாதுவான நாயும் தன்னையறியாமல் கடித்துவிடும்.

மறுபடி வந்தால் நாற்காலி, மேசையைத் தள்ளிவையுங்கள். விளக்கையும் டிவியையும் அணையுங்கள். உடனே மணி பாருங்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, 24 மணி நேரத்தில் இரண்டாவது முறை வந்தாலோ அது அவசரம். இரவிலும் திறந்திருக்கும் விலங்கு மருத்துவமனையின் எண்ணை இன்றே கைப்பேசியில் போட்டுவையுங்கள். வலிப்பில் தசைகள் உழைக்க உழைக்க உடம்பு கொதிக்கும், நம் ஊர் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். மின்விசிறியைத் திருப்பி, பாதங்களில் ஈரத்துணி வையுங்கள். ஐஸ் வேண்டாம். முழுதாகத் தெளியும்வரை சோறு, தண்ணீர் எதுவும் கொடுக்காதீர்கள். சுவரில் முட்டுவது வலிப்புக்குப் பிந்திய தடுமாற்றம். சில மணி நேரம்கூட நீடிக்கலாம்.

மாமியார் கையில் இனி கைப்பேசியைக் கொடுங்கள், வீடியோ எடுக்கட்டும். விலங்கு மருத்துவர்களான எங்களுக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. இதயக் கோளாறால் விழும் நாயையும் வலிப்பு என்றே கொண்டுவருவார்கள். அது பெரும்பாலும் ஓடும்போதோ குதூகலத்திலோ துவண்டு விழுந்து, சில நொடிகளில் ஒன்றும் நடக்காததுபோல் எழுந்துவிடும். உங்கள் நாய்க்கு வந்தது தூக்கத்தில். பிறகு தடுமாற்றம் வேறு. வலிப்பாகத்தான் தெரிகிறது.

6 மாதத்துக்கும் 6 வயதுக்கும் இடையில் முதல் வலிப்பு வந்து, சர்க்கரை, ஈரல் சோதனைகளில் கோளாறு ஏதும் தெரியாவிட்டால், பெரும்பாலும் பரம்பரை வலிப்பு நோயாக இருக்கும். ஆனால் அன்று எதைத் தின்றது என்பதையும் யோசியுங்கள். சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த சூயிங்கம் நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும். இங்கே கடையில் கிடைக்காவிட்டால் என்ன, ஜோகூர் போய்வந்தவர் கைப்பையில் இருக்குமே! பூங்காக்களில் அழகுக்கு வளர்க்கும் சைக்கஸ் செடியின் விதையும் ஆபத்து.

மருத்துவர் மாத்திரை எழுதித்தந்தால், வலிப்பு நின்றுவிட்டதே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்துவதாலேயே வலிப்பு இன்னும் பலமாகத் திரும்பி வரும்.