ஒரே பயிற்சி, ஒருவருக்கு 360, இன்னொருவருக்கு 720

கேள்வி: மகளிர் வாலிபால் அணி ஒன்றின் பயிற்சியாளர் நான். காலை, மாலை பயிற்சி; வார இறுதியில் லீக் ஆட்டங்கள். வலைக்கு நடுவே நின்று எதிரணியின் அடியைத் தடுக்கும் மிடில் பிளாக்கர்கள் இருவருக்கும் முழங்கால் வலி. விலை உயர்ந்த கருவிகள் எங்களிடம் இல்லை. யாருக்கு எவ்வளவு சுமை ஏறுகிறது என்று எப்படிக் கணக்கிடுவது?

பதில்: ஒரு நோட்டும் கடிகாரமும் போதும். பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து, ‘இன்றைக்கு எவ்வளவு கடினம்?’ என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். 0 என்றால் ஓய்வு. 10 என்றால் இதற்கு மேல் முடியாது. அந்த எண்ணைப் பயிற்சி நடந்த நிமிடங்களால் பெருக்குங்கள். அமெரிக்க உடலியல் ஆய்வாளர் கார்ல் ஃபாஸ்டர் பரவலாக்கிய முறை இது. 90 நிமிடப் பயிற்சிக்கு, பின்வரிசையில் மட்டும் ஆடும் லிபரோ 4 என்கிறார்: 360. மிடில் பிளாக்கர் 8 என்கிறார்: 720. இருவருக்கும் ஒரே பயிற்சிதான் கொடுத்தோம் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள்.

தனித்தனியாகக் கேளுங்கள். வரிசையில் நிறுத்திக் கேட்டால், கேப்டன் 5 என்றதும் கடைசிப் பெண் வரை 5தான். அணியில் இடம் போய்விடுமோ என்ற பயமும் எண்ணைக் குறைத்துவிடும். ‘4’ என்று சொன்ன பெண், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில் படியிறங்குவதைப் பார்த்திருக்கிறேன். அன்று நான் நோட்டை நம்பவில்லை.

முழங்காலுக்கு இந்தக் கணக்கு போதாது. குதிப்புகளையும் எண்ண வேண்டும். பந்து தன்னிடம் வராவிட்டாலும் மிடில் பிளாக்கர் குதிக்கிறார்: எதிரணியை ஏமாற்ற ஒரு முறை, வலையில் தடுக்க ஒரு முறை. குதித்தே பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டரின் கணக்கும் சத்தமில்லாமல் ஏறிவிடும். காயத்தால் வெளியே உட்கார்ந்திருப்பவரிடம் பேனாவைக் கொடுத்து, நாளுக்கு இருவரை மட்டும் எண்ணச் சொல்லுங்கள்.

வலி உள்ள இருவரையும் முதலில் பிசியோதெரபிஸ்ட் பார்க்கட்டும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணின் வலிதான் என்று உறுதியானால், தினமும் காலையில் சரிவான பலகையில் ஒற்றைக்காலில் மெல்ல உட்கார்ந்து எழச் சொல்லி, வலியை 0 முதல் 10 வரை குறியுங்கள். ஆடும்போது உடல் சூடேறினால் இந்த வலி அடங்கிவிடும். மறுநாள் காலைதான் உண்மையைச் சொல்லும். எண் கூடியிருந்தால் அன்று குதிப்பைக் குறையுங்கள். பந்தெடுக்கும் பயிற்சி தொடரலாம்.

பெஞ்சில் இருப்பவர்களை மறந்துவிடாதீர்கள். ஞாயிறு ஆடவில்லை, திங்கள் எல்லோருக்கும் விடுமுறை. மூன்று வாரம் இப்படிப் போனபின் திடீரென ஐந்து செட் ஆடவிட்டால் முழங்கால் தாங்குமா? திங்கட்கிழமை அவர்களுக்கு மட்டும் பயிற்சி வையுங்கள். ‘இந்த வாரச் சுமைக்கும் முந்தைய வாரங்களின் சுமைக்கும் உள்ள விகிதம் இதைத் தாண்டினால் காயம்’ என்னும் சூத்திரங்களில் எனக்கு நம்பிக்கையில்லை. அவரவரின் கடந்த நான்கு வாரங்களோடு ஒப்பிடுங்கள்.

விருப்பமுள்ளவர்கள் மாதவிடாய்த் தேதியையும் குறிக்கலாம். மூன்று மாதம் வராவிட்டால், ‘கடும் பயிற்சி, அப்படித்தான்’ என்று விடாமல் மருத்துவரிடம் அனுப்புங்கள். உழைப்புக்கேற்ற உணவு கிடைக்காத உடலில் எலும்பும் பலவீனமாகும். அந்த நோட்டை மட்டும் பூட்டி வையுங்கள்.