ஸ்பாக்குக்கு ஒரு வீடு கொடுத்தவர்: டி.சி. ஃபோன்டானா பற்றிக் கேள்வி பதில்

டி.சி. என்றால் என்ன?
டோரத்தி கேத்தரின். பெண். 'ஸ்டார் ட்ரெக்' என்ற அமெரிக்க விண்வெளித் தொடருக்குக் கதை எழுதியவர். ஸ்பாக் அதில் வரும் வேற்றுக்கிரக அதிகாரி.

பெயரை ஏன் மறைத்தார்?
செயலாளராக வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். 1960இல், 21 வயதில், 'தி டால் மேன்' என்ற கௌபாய் தொடருக்கு முதல் கதையை விற்றார். அப்போது இந்த மாதிரித் தொடர்களுக்குப் பெண் எழுதினால் படிக்காமலே ஒதுக்கிவிடுவார்கள் என்ற பயம். அதனால் பிற்பாடு வெறும் எழுத்துகளைப் போட்டார்.

'ஸ்டார் ட்ரெக்' ஸ்பாக்கைப் படைத்தவர் இவர்தானே?
இல்லை, தொடரையே உருவாக்கிய ஜீன் ராடன்பெரி. ஆனால் ஸ்பாக்குக்கு அப்பா, அம்மா, வீடு என்று ஒரு வாழ்க்கை வந்தது ஃபோன்டானா கையால்தான். 1967இல் வந்த 'ஜர்னி டு பேபெல்' என்ற அத்தியாயத்தைப் பாருங்கள். அப்பா சாரெக்குக்கு இதய அறுவை சிகிச்சை. ரத்தம் கொடுக்க வேண்டியவன் மகன். கேப்டன் கிர்க்கோ கத்திக்குத்துப் பட்டுக் கிடக்கிறார். கப்பலை விட்டு வர முடியாது என்கிறான் ஸ்பாக். அம்மா அமாண்டா கெஞ்சிப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் அறைந்துவிட்டுப் போகிறாள். கதவு மூடியதும் அவன் அந்தக் கதவின் மேல் கை வைத்து நிற்கிறான். வேற்றுக்கிரகக் கதைதான், ஆனால் எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது.

அடுத்தவர் எழுதியதைத் திருத்துவதுதானே இவர் வேலை? அதற்கு இத்தனை புகழா?
'திஸ் சைட் ஆஃப் பாரடைஸ்' என்ற அத்தியாயம் ஜெர்ரி சோல் எழுதிய கதை. அதில் காதல் சுலு என்ற இன்னொரு கப்பல் அதிகாரிக்கு. ஃபோன்டானா அதை ஸ்பாக்குக்கு மாற்றினார். உணர்ச்சியை அடக்கியே வாழ்ந்தவன் ஒரு செடியின் துகள் பட்டுச் சிரிக்கிறான், காதலிக்கிறான். கிர்க் அவனுக்குக் கோபமூட்டி அதிலிருந்து மீட்க வேண்டியிருக்கிறது. ஆள் மாறியதும் கதையின் வலியே மாறிவிட்டது. இந்தத் திருத்தத்துக்கு அப்புறம்தான் ராடன்பெரி அவரைத் தொடரின் கதைகளைத் திருத்தும் ஆசிரியர் ஆக்கினார். திருத்துவதும் எழுத்துதான்.

அப்படியானால் சோலுக்கு ஒன்றும் இல்லையா?
நான் அப்படிச் சொல்லவில்லை. கதை என்ற இடத்தில் சோலின் புனைபெயரும் ஃபோன்டானா பெயரும் சேர்ந்தே இருக்கின்றன, திரைக்கதை ஃபோன்டானா. தயவுசெய்து அத்தியாயத்தில் எழுதியவர்கள் பெயர் வரும் அட்டையைப் பாருங்கள். கதை யார், திரைக்கதை யார் என்று தனித்தனியாகப் போடுகிறார்கள்.

'தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்' அத்தியாயம் இவர் எழுதியதா?
ஹார்லன் எலிசன். திருத்தியவர்களில் ஃபோன்டானாவும் ஒருவர். மறுபடியும் சொல்கிறேன், பெயர் அட்டை.

டி.சி. ஆணா பெண்ணா?
முதல் பதில்.

மைக்கேல் ரிச்சர்ட்ஸ் யார்?
அவரேதான். மூன்றாம் சீசனில் தன் கதையை மாற்றிய விதம் பிடிக்காதபோது போட்ட பெயர்.

கப்பலை ஒளியைவிட வேகமாக ஓட்டும் வார்ப் எஞ்சின் நிஜத்தில் சாத்தியமா?
இயற்பியல் தெரிந்தவரைக் கேளுங்கள்.

குழந்தைகளோடு பார்க்க எதில் தொடங்கலாம்?
1973இல் வந்த 'ஸ்டார் ட்ரெக்' கார்ட்டூன் தொடரில் இவர் எழுதிய 'யெஸ்டர்இயர்'. ஏழு வயது ஸ்பாக்கைக் காப்பாற்றப் போய் அவன் வளர்த்த விலங்கு விஷக்காயம் படுகிறது. பையன் இரவெல்லாம் பாலைவனத்தில் ஓடி வைத்தியரைக் கூட்டி வருகிறான். வலியோடு கொஞ்ச நாள் வைத்திருக்கலாம், அல்லது நிம்மதியாக விட்டுவிடலாம் என்கிறார் அவர். முடிவெடுப்பது பையன். குழந்தைகள் நிகழ்ச்சியில் செல்லப்பிராணி சாவதா என்று தொலைக்காட்சி நிறுவனம் தயங்கியது. ராடன்பெரி இவர் பக்கம் நின்றார். பார்க்கும்போது குழந்தையின் பக்கத்திலேயே உட்காருங்கள்.